ஈயத்தாள் ஒட்டிய படகு

பேராதனையில் வாங்கிய பட்டச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட மாத்தளைக்குப் போன அன்றுதான் முத்துவீரனை முதலில் பார்த்தேன். எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை. அதனால் அந்தத் தாளைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு மேசை, நாற்காலி செய்யும் ஜவாஹிர் ஹாஜியாரின் தளபாடப் பட்டறைக்குள் நுழைந்தேன். அளவெடுத்த முத்துவீரன் அதை நிதானமாக வாசித்து முடித்தார். பிறகு அலமாரியின் உச்சியைக் காட்டினார். அங்கே ஒரு கை நீளத்தில் மரப்படகு ஒன்று இருந்தது. அதன் முதுகில் ஓர் ஈர்க்குக் குச்சி நட்டிருந்தது.

"அது நான் வாங்கின பட்டம் தம்பி" என்றார்.

அந்தப் படகின் கதை இது.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் முத்துவீரன் தேயிலைப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தார். மெல்லிய ஒட்டுப்பலகைகளைச் சட்டத்தில் பொருத்தி, விளிம்புகளில் தகரப் பட்டி அறைந்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டி, ஈரக்காற்று புகாமல் மூட வேண்டும். தன் பெட்டியை லண்டனில் திறந்தாலும் தேயிலை மொறமொறவென்று இருக்கும் என்று சொல்லிக்கொள்வார். அடக்கமாகப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் தச்சனைப் 'பாஸ்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற அந்தத் தோட்டத்தில் அவரை மட்டும் 'பெட்டிக்காரன்' என்றார்கள். அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஜவாஹிர் பட்டறையில் ஒரு வேலை மேசை கிடைத்துவிட்டால் போதும், அந்தப் பெயர் தொலையும் என்று நினைத்தார். கேட்கப் போனபோது ஹாஜியார் தான் உட்கார்ந்திருந்த கதிரையின் வளைந்த கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பெட்டி அடிச்ச கைக்கு மூலைதான் தெரியும். இந்த வளைவு ஒனக்கு வராது."

பக்கத்துக் கடையில் றேடியோ திருத்தும் நுஹ்மான், ஹாஜியாரின் மச்சான், அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தை விட்டு ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் றேடியோவால் ஓட்டும் தன் பொம்மைப் பந்தயப் படகை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். படகு வெயிலில் வெடித்துப் போயிருந்தது. எஞ்சின் மட்டும் பழுதில்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும் அதற்குப் பெற்றோல் சரிவராது. மெதனோலில் நைட்ரோவும் ஆமணக்கெண்ணெயும் கலந்த தனி எரிபொருள்தான் வேண்டும். கரையிலிருந்து ஓட்டுகிற றேடியோவும் நன்றாக இருந்தது. கைப்பெட்டியில் பிடியை அசைத்தால், படகுக்குள் இருக்கும் சின்னப் பெட்டி சுக்கானைத் திருப்பும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத எழுபத்துநான்காம் ஆண்டு அது. புதுப் படகுக்கு வழியில்லை.

"மச்சான், ஒடம்ப இவர் செஞ்சு தரட்டுமே" என்றார் நுஹ்மான்.

ஹாஜியார் சிரித்தார். "தம்புள்ளக் குளத்துல பந்தயம் வருதே, அதுல ஓடி, நீ நிக்கிற எடத்துக்கே திரும்பி வரட்டும். வந்தா மேசை தாரன். வராட்டி வேல கேட்டு இந்தப் பக்கம் வரப்படாது."

"திரும்பி மட்டும் வராது முதலாளி, முன்னுக்கு வரும்" என்றார் முத்துவீரன்.

லுணுமிதெல்ல மரம் இலவம் பஞ்சு போல லேசானது. அதில் விலா எலும்புகள் செதுக்கினார். உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பலகைதான் படகுக்குத் தோல். மூக்குப் பலகை வளைய மறுத்தது, அதனால் சோற்றுப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆவியில் பிடித்தார்.

"ஊரெல்லாம் சோறு வேகுது, என் வீட்ல பலகை வேகுது" என்றாள் அவர் மனைவி அழகம்மா. "கொழம்பும் வைக்கவா?"

"கொஞ்சம் பொறு. இது வளைஞ்சா நம்ம வாழ்க்கை நிமிரும்."

"பேச்சுக்கு மட்டும் ஒரு கொறையும் இல்ல."

பலகை வளைந்தது. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி இடுக்குகளில் பூசினார். அடி விளிம்பில், கை பழகிய பழக்கத்தில், தகரப் பட்டி அறைந்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டினார். ஏரியல் கம்பியை வெளியே தொங்கவிட்டு மாத்தளையில் ஒரு தொட்டியில் விட்டுப் பார்த்தபோது நுஹ்மான் சொன்னபடி சுக்கான் ஆடியது.

பந்தயத்தன்று கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பளபளக்கும் கடைப் படகுகள் வந்திருந்தன. ஹாஜியாரும் வேட்டையாடப் போகிறவர் போலத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெள்ளோட்டத்துக்குச் சுழற்சக்கரத்தில் கயிறு சுற்றி இழுத்தார்கள். எஞ்சின் குளவிக்கூட்டம் போல இரைந்தது. படகு பாய்ந்தது. நுஹ்மான் இடப்பக்கம் திருப்பினார். படகு நேரே போனது. வலப்பக்கம் திருப்பினார். அப்போதும் நேரே போய்த் தாமரைக் கொடிக்குள் மூக்கைச் செருகிக்கொண்டது.

தோணிக்காரர் ஒருவர் அதைத் தூக்கி வந்தார்.

"போன படகு திரும்பி வந்திருக்கு" என்றார் ஹாஜியார். "ஆனா தோணியில."

முத்துவீரனின் காதில் மேசை கைநழுவும் சத்தமே கேட்டது. உள்ளே தண்ணீர் புகுந்திருக்குமோ என்று மூடியைத் திறந்தார். பொட்டு ஈரமில்லை. நுஹ்மான் பிடியை அசைத்தார், சுக்கான் திரும்பியது. மூடினார்கள், அசையவில்லை. திறந்தார்கள், திரும்பியது.

நுஹ்மான் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தார். அதன் உட்புறமும் ஈயத்தாள் மின்னியது.

"இத எப்ப ஒட்டினீங்க?"

"நேத்து, நுஹ்மான் நானா. மூடிக்கு ஒட்டாம பெட்டி முடிஞ்ச கணக்கா?"

"வெளிய விட்டிருந்த ஏரியல் கம்பி?"

"தொங்கிட்டு அசிங்கமா இருந்திச்சு. சுருட்டி உள்ள வச்சேன்."

நுஹ்மான் கரையிலேயே குந்திச் சிரிக்க ஆரம்பித்தார். "தேயிலைக்கு ஈரம் போகாம அடைக்கிற மாதிரி அடைச்சிட்டீங்க மனுசன். றேடியோவில நான் சொல்றது எதுவும் உள்ளுக்குப் போகல. கம்பி வெளிய நிக்கணும்."

முத்துவீரன் சிரிக்கவில்லை. மற்றப் படகுகள் வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒட்டிய தாளை உரிக்க நேரமில்லை. மடியிலிருந்த தமரூசியை எடுத்து மூடியில் ஓட்டை போட்டு, கம்பியை வெளியே இழுத்தார். அதை நிமிர்த்திப் பிடிக்க ஏதாவது வேண்டும். பந்தயம் பார்க்கக் கூட வந்திருந்த அழகம்மா, கரையோரத் தேநீர்க் கடை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு உருவிக் கொடுத்தாள்.

"ஒன்னு போதுமா? வெளக்கமாத்தயே நட்டுருங்களேன்."

ஈர்க்கை நட்டு, கம்பியை அதில் சுற்றி, மூடியை அழுத்தினார். நுஹ்மான் பிடியை அசைத்தார். சுக்கான் திரும்பியது.

மிதக்கும் தார்ப் பீப்பாய்களைச் சுற்றி வர வேண்டும். நேர் ஓட்டத்தில் கொழும்புப் படகு முந்தியது. ஆனால் திருப்பத்தில் அது வழுக்கி அகலமாகச் சுற்றியது. முத்துவீரனின் படகோ தகர விளிம்பால் தண்ணீரைக் கவ்விக்கொண்டு பீப்பாயை உரசுகிற மாதிரி வெட்டித் திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்திலும் இடைவெளி குறைந்தது. கடைசிப் பீப்பாயில் கொழும்புப் படகு வெளியே வழுக்க, உள்ளே கிடைத்த சந்தில் ஈர்க்குக் குச்சி ஆட ஆட இது புகுந்தது. எரிந்த ஆமணக்கெண்ணெய் வாசத்தோடு கரை முழுவதும் எழுந்து நின்றது. வென்ற படகு முத்துவீரனின் காலடியில் வந்து முட்டி நின்றது.

ஹாஜியார் குனிந்து, சூடு ஆறாத படகின் மூக்கு வளைவை விரலால் தடவினார். கதிரைக் கையைத் தடவிய அதே தடவல்.

"நாளைக்கு வரக்குள்ள ஒங்கட உளியக் கொண்டு வாங்க" என்றார். "எங்கட உளிய நாங்க ஒருத்தருக்கும் குடுக்கிறதில்ல, பாஸ்."

முத்துவீரன் அழகம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. கொழும்புக்காரவுகளுக்கும் கேட்டுச்சு" என்றாள் அவள்.

என் சான்றிதழையும் அவர் பின்னால் ஈயத்தாள் ஒட்டித்தான் சட்டம் போட்டுக் கொடுத்தார். முத்துவீரன் பாஸ் இன்று அந்தப் பட்டறையின் தலைமைத் தச்சர். பட்டறைக்குப் பின்னால் உள்ள வீட்டில் அழகம்மாவோடு குடியிருக்கிறார்.