தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தில் காலை ஷிப்டுக்கு இறங்கினார். கூட நான்கு பேர். மத்தியானத்துக்குள் பாறை வெடித்துச் சரிந்து லெவலை அடைத்துவிட்டது. ஷாப்டு என்பது நேராகக் கீழே இறங்குகிற குழி. லெவல் என்பது அதிலிருந்து பூமிக்குள் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போகிற வழி. அவர்கள் அதன் கடைசி முனையில் இருந்தார்கள்.

முதலில் உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் வந்தது என்றார்கள். பிறகு வரவில்லை. இந்தப் பக்கமிருந்து கல்லை அள்ள அள்ள மேலேயிருந்து கல் விழுந்தது. ஒரு வாரம் ஆனதும் உயிரோடு வருவார்கள் என்று யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கை மண் போட வேண்டும்.

அந்த ஷாப்டில் மற்ற வேலை எல்லாம் நின்றிருந்தது. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. எங்கள் ஊரிகத்துத் தட்டி வீடுகளில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். நான் போன பிறகு பேசுவார்கள். மூங்கில் தட்டிச் சுவர். எல்லாம் கேட்கும்.

சுரங்கத்தைப் பார்த்துக்கொள்கிற வெள்ளைக்காரத் துரை இந்த ஊருக்குப் புதுசு. வெயிலில் மூக்குத் தோல் உரிந்துபோய் இருப்பார். அடிக்கிறவர் இல்லை. குழியிலிருந்து யாராவது காயத்தோடு வந்தால் தொப்பியைக் கழற்றுவார். அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். ஐந்து பேரையும் எடுக்கும் வரை தோண்டலாம். எவ்வளவு காலம் ஆகும் என்று தெரியாது. அதுவரை மற்ற வேலை நடக்காது. அல்லது அந்த லெவலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு மறுநாளே வேலை தொடங்கலாம். எது என்று ஆட்களே சொல்லட்டும். குழியில் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பேச்சு. எந்தப் பக்கம் கூடுதலோ அது நடக்கும்.

மேஸ்திரி எங்கள் வீட்டு வரிசைகளுக்கு, லைன் லைனாக வந்து சொன்னார். அவரும் ஒரு காலத்தில் உளி பிடித்தவர். இப்போது கோட்டு போட்டிருந்தார்.

“தொரை ஊர்ல அப்படித்தானாம். பெரிய காரியம்னா ஊரயே கேப்பாங்களாம். ராஜாவே கேப்பாராம்.”

“எங்களயா கேக்கறாரு?” என்றார் ஒருவர்.

“உங்களத்தான். குளிச்சிட்டு வாங்க.”

அன்று சாயங்காலம் லைன் முழுக்க இதே பேச்சு. அடுத்த வீட்டுக்காரர் பெண்சாதியிடம் பெருமையாகச் சொன்னது தட்டி வழியாகக் கேட்டது.

“நாளைக்குத் தொரை என்னக் கேக்கறாருடி.”

“உன்னயா? நான் கேட்டா ஒரு கொடம் தண்ணி எடுத்தாற மாட்டே. அவருக்கு இன்னா சொல்லப் போற?”

“அது வேற, இது வேற.”

“இன்னா வேற? கேக்கறதுக்கு மின்னாடியே முடிவு கட்டிருப்பாங்க. நீ போய் வெள்ளச் சட்ட போட்டுகினு நில்லு.”

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். “அந்தப் பொண்ணப் பாரு. தோண்டச் சொல்லு.”

“அப்ப சோத்துக்கு?”



என் அண்ணனும் அதே ஷாப்டில்தான். என்னை ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து கூட்டிவந்து இங்கே கட்டிக் கொடுத்ததும் அவர்தான். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒருவர் உளி பிடிக்க ஒருவர் சம்மட்டி அடிப்பார்கள். அன்றைக்கு அண்ணனுக்குக் காய்ச்சல். இறங்கவில்லை. அதனால்தான் மேலே இருந்தார்.

அவர் என் வீட்டு வாசலில் வந்து குந்தினார்.

“பாப்பா, நான் தோண்டத்தான் சொல்வேன். என் கூட இருக்கறவங்களும் அதத்தான் சொல்வாங்க. பாதிக்கு மேல ஆளு கீது. நீ கவலப்படாத.”

“அண்ணி?”

“அவ கெடக்கறா.”

களி போட்டுக் கொடுத்தேன். பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை என் பக்கம் தள்ளினார். அன்றைக்கு நான் சாப்பிட்டேன். பல நாளுக்குப் பிறகு சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை திருவிழா மாதிரி இருந்தது. அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் அப்படித்தான் இருந்தது. ஆண்கள் தலைப்பாகை துவைத்துக் கட்டியிருந்தார்கள். சிலர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற கோட்டுப் போட்டிருந்தார்கள். பக்கத்துச் சுரங்கமான கோரமண்டலிலிருந்து ஒருத்தி அவித்த வேர்க்கடலைக் கூடையோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். ஒருவர் காதில் பூ வைத்திருந்தார். “கல்யாணமா?” என்று கேட்டார்கள். “தொரை கேக்கறாரு, சும்மாவா?” என்றார். சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

எல்லோரும் கூடின அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷாப்டு வாயிலிலிருந்து டிராலி போகிற தண்டவாளம் மைதானத்தை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பக்கம் மெழுகுவத்தி கொடுக்கிற கொட்டகை. ஆட்கள் அங்கே நின்று வத்தி வாங்கிக்கொண்டு கேஜில் ஏறி இறங்குவார்கள். கேஜ் என்பது இரும்புக் கூண்டு. இன்னொரு பக்கம் ஒரு சின்னத் தகரக் கொட்டகை. கீழே செத்தவர்களை மேலே கொண்டுவந்தால் அங்கேதான் போடுவார்கள். குழியில் இறங்குகிறவன் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டான். பிணம் தூக்கிக்கொண்டு போக வேண்டி வந்தால் போவான். போனவன் வீட்டுக்குப் போய்த் தலை முழுகி அந்த வாரம் இறங்காமல் இருப்பான். தானாக நடந்து தாண்டினவன் அடுத்த முறை படுத்துக்கொண்டு தாண்டுவான் என்பது அவர்கள் எண்ணம். மாரியம்மனைக் கும்பிடுகிறவனும் தாண்ட மாட்டான். எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தோடு சர்ச்சுக்குப் போகிறவனும் தாண்ட மாட்டான். அதெல்லாம் மூடத்தனம் என்று எங்கள் சர்ச் ஐயர் பிரசங்கத்தில் சொல்வார். அவரும் தகரக் கொட்டகைப் பக்கமாக வந்து நான் பார்த்ததில்லை.

பெண்களுக்கு அந்தக் கட்டு இல்லை. நாங்கள் இறங்குவதில்லை. அதனால் உள்ளே மாட்டினவர்களின் வீட்டுப் பெண்கள் ஒரு வாரமாகத் தகரக் கொட்டகை ஓரத்தில்தான் காத்திருந்தோம். அன்றைக்கும் அங்கேதான் நின்றோம்.

துரை வந்தார். மைதானத்தைப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். கையை இப்படியும் அப்படியும் காட்டி மேஸ்திரியிடம் பேசினார். மேஸ்திரி ஒரு பெட்டி மேல் ஏறி நின்றார்.

“சொவரு வெச்சி வேல ஆரம்பிக்கலாம்னு சொல்றவங்க வத்திக் கொட்டாப் பக்கம். தோண்டணும்னு சொல்றவங்க தண்டவாளத்தத் தாண்டி அந்தப் பக்கம். தொரை எண்ணுவாரு.”

யாரும் அசையவில்லை. எல்லோரும் ஏற்கனவே வத்திக் கொட்டகைப் பக்கம்தான் நின்றிருந்தார்கள். தினமும் நிற்கிற இடம் அது.

அண்ணன் குரல் கேட்டது. “மேஸ்திரி, பக்கத்த மாத்தச் சொல்லுங்க. தோண்டறவங்க இங்க நிக்கறோம். மத்தவங்க அங்க போவட்டும்.”

“அங்க எவன் போவான்?” என்று யாரோ கேட்டார்கள்.

“அதான் சொல்றேன்” என்றார் அண்ணன்.

மேஸ்திரி இறங்கித் துரையிடம் பேசினார். துரை தரையைப் பார்த்தார். பூட்ஸ் முனையால் மண்ணைத் தேய்த்தார். பிறகு ஏதோ சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

“ரெண்டு பக்கமும் ஒரே மண்ணுதானாம்” என்றார் மேஸ்திரி.

அது உண்மைதான். ஒரே மண்தான்.

என் பக்கத்தில் ஒரு அம்மா நின்றிருந்தாள். பக்கத்து லைன். அவளுடைய ஒரே மகன் உள்ளே இருந்தான். அவள் முன்னால் போனாள்.

“மேஸ்திரி, நான் இங்க நிக்கறேன். எம் புள்ள பேச்ச நான் சொல்றேன். என்னயும் எண்ணச் சொல்லு.”

“கீழ எறங்கறவங்களுக்குத்தான் பேச்சு, அம்மா.”

“எறங்கினவன்தானே கீழ கெடக்கறான். அவன எண்ணு.”

மேஸ்திரி துரையிடம் இதைச் சொல்லவில்லை. குனிந்து தன் கோட்டுப் பொத்தானைப் பார்த்தார்.

முதலில் ஒருவர் தாண்டினார். உள்ளே மாட்டினவர்களில் ஒருவரின் தம்பி. அழுதுகொண்டே வந்தார். அடுத்து ஒருவர் வந்தார். அவர் அந்த வாரமே வேலையை விட்டு ஊருக்குப் போக மூட்டை கட்டியிருந்தவர். பிறகு யாரும் தாண்டவில்லை. ஆனால் ஆட்கள் நகர்ந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தண்டவாளம் வரை வந்தார்கள். நிறையப் பேர். அதில் அடுத்த வீட்டுக்காரரும் இருந்தார். காதில் பூ வைத்தவரும் இருந்தார். வரிசையாக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் வத்திக் கொட்டகை ஓரத்தில் நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். அதைப் பார்த்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்தாள்.

“வந்துட்டாங்க பாரு” என்றாள்.

அண்ணன் எனக்கு நேராக நின்றார். ஒரு காலைத் தூக்கித் தண்டவாளத்து இரும்பின் மேல் வைத்தார். செருப்பு இல்லாத கால். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. அந்தக் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்குப் பின்னால் அண்ணி இருந்தாள். இடுப்பில் சின்னது. அவள் கத்தவில்லை. “இன்னாங்க” என்றாள். அவ்வளவுதான். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. காலையும் எடுக்கவில்லை. முன்னாலும் வைக்கவில்லை.

துரை எண்ணினார். எங்கள் பக்கம் வந்து இரண்டு ஆண்களையும் விரலால் தொடாமல் சுட்டினார். எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். வத்திக் கொட்டகைப் பக்கம் எண்ணத் தொடங்கினார். வரிசையில் நின்றவர்களையும் சேர்த்து எண்ணினார்.

“அவங்க தோண்டச் சொல்றவங்க” என்று நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். “தாண்டலியேம்மா” என்றார்.

வரிசையில் நின்றவர்களுக்கு முதலில் புரியவில்லை. “இன்னா, முடிஞ்சுதா?” என்று கேட்டார்கள். முடிந்தது என்று தெரிந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“கிட்ட வந்து நின்னமே” என்றார் காதில் பூ வைத்தவர். “எங்க நிக்கறோம்னு தெரியலியா அவருக்கு?”

துரை தொப்பியைக் கழற்றி எங்கள் பக்கம் ஒரு முறை தலை குனிந்தார். ஆட்கள் சொன்னபடி செய்கிறோம் என்று நினைத்திருப்பார். மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும். துரையிடம் அவர் முழுசாகச் சொன்னாரா, பாதி சொன்னாரா, அது எனக்குத் தெரியாது. நான் இங்கிலீஷ் அறியேன்.

வேர்க்கடலைக்காரி கூடையை எடுத்துக்கொண்டு போனாள். பாதிக் கூடை மீந்திருந்தது.

மறுநாள் கேஜ் ஓடியது. ஷிப்டுச் சங்கு கேட்டது. எல்லா வீட்டிலும் புகை வந்தது. அடுத்த வீட்டுக்காரி ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். குழம்பு நன்றாக இருந்தது.

சுவர் வைக்கிற ஆட்களில் அண்ணனையும் போட்டார்கள். சாயங்காலம் வந்தார். கையெல்லாம் சுண்ணாம்பு. நான் தண்ணீர் ஊற்றினேன். வெகுநேரம் தேய்த்தார்.

“சொவரு கெட்டியா?” என்றேன்.

“கெட்டிதான்.”

“வெக்கறதுக்கு மின்னாடி கேட்டுப் பாத்தியா?”

“காத வெச்சிக் கேட்டேன் பாப்பா. எல்லாரும் கேட்டோம். ஒண்ணும் இல்ல.”

கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டேன். “பெட்டி இல்லாம குழி எதுக்கும்மா?” என்றார் ஐயர். தகரக் கொட்டகை முன்னால் நின்று ஜெபம் செய்யலாம் என்றார். செய்தார். தண்டவாளத்தைத் தாண்டாமல் வத்திக் கொட்டகைப் பக்கம் நின்று செய்தார்.

அந்த அம்மா கொஞ்ச காலம் தினமும் வந்து கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்தாள். சுவர் வைத்துவிட்டார்கள் என்று சொன்னால், “தெரியும்” என்பாள். மழைக்காலத்துக்குப் பிறகு வரவில்லை. விசாரித்தேன். ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

புருஷன் இல்லாதவளுக்கு லைன் வீடு இல்லை. எனக்குக் கல் பொறுக்குகிற வேலை கொடுத்தார்கள். மேலே வருகிற கல்லைத் தட்டிப் பிரிக்க வேண்டும். அந்த முற்றம் தகரக் கொட்டகைக்கு அடுத்தாற்போல இருக்கிறது. அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு தினமும் அங்கே போகிறேன். வருகிற கல் எல்லாம் மற்ற லெவல் கல். அந்த லெவலிலிருந்து ஒன்றும் வராது.

ஷிப்டுக்கு முன்னால் அண்ணன் வத்தி வாங்கிக்கொண்டு தண்டவாளம் வரை வருவார். “சாப்டியா?” என்பார். “சாப்ட்டேன்” என்பேன். போவார்.

அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். வேறு துரை வந்தார். அவர் யாரையும் எதையும் கேட்பதில்லை. ஆட்களுக்கு அதுதான் சௌகரியம் என்று தோன்றுகிறது.

ஒரு நாள் அண்ணனிடம் கேட்டேன். அதுவரை கேட்டதில்லை. கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

“மறுபடி கேட்டா தாண்டுவியா அண்ணா?”

அவர் காலடியில் இருந்த தண்டவாளத்தைப் பார்த்தார். வத்தியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கேஜ் மணி அடித்தது.

“மறுபடி கேக்க மாட்டாங்க பாப்பா” என்றார்.

இறங்கப் போனார். நான் கல்லைத் தட்ட உட்கார்ந்தேன்.