விளக்கு அணையாத கிணறு

இங்கே தண்ணீர் அவசரப்பட்டுக் கொதித்துவிடுகிறது. அடிஸ் அபாபாவுக்கு வந்த முதல் வாரத்தில், சேலத்தில் எவ்வளவு நேரம் அடுப்பில் வைப்பேனோ அவ்வளவு நேரம் வைத்துச் சோற்றை வடித்தேன். உலை தளதளவென்று கொதித்தது. அரிசி மட்டும் நடுவில் கல்லாகவே இருந்தது. உயரம் கூடினால் காற்றின் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இதைத் தெரிந்துகொள்ள நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இருந்தும் வேகாத சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் விழித்தேன். படித்துத் தெரிந்த விஷயம், வேண்டிய நேரத்தில் கைக்கு வராமல் போனது எனக்கு அது முதல் தடவை அல்ல. முதல் தடவையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன். சூரமங்கலத்தில் வீடு, மல்லசமுத்திரத்துப் பக்கம் அப்பா விட்டுப்போன தோட்டம். ஓய்வு பெற்ற அடுத்த வருடம் மனைவி இறந்தாள். எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் நடத்த ஆள் வேண்டும் என்றார்கள், வந்துவிட்டேன். ஒப்பந்தம் முடிந்தும் வாரத்தில் நான்கு வகுப்பு எடுத்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன். ஊருக்கு வந்துவிடலாமே என்று போனில் கேட்கிறவர்களிடம் இங்கே குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய்யில்லை, பதிலும் இல்லை.

நான் இருப்பது நான்காவது மாடி. லிஃப்ட் பெரும்பாலும் ஓடாது. வந்த புதிதில் மூன்றாவது மாடிக்கு முன்னால், படி திரும்பும் இடத்தில் உட்கார்ந்துவிடுவேன். மண்டை இடிக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். காவலாளி ததெஸ்ஸே ஏறக்குறைய என் வயதுக்காரர். இரண்டு தண்ணீர் கேன்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, வாயால் மூச்சு விடாமல் என்னைத் தாண்டிப் போவார். ஒரு நாள் எனக்குத் தெரிந்த நாலு அம்ஹாரிய வார்த்தைகளைச் சேர்த்து "அயெர் யெல்லெம்" என்றேன். காற்று இல்லை என்று அர்த்தம். அவர் கேன்களை இறக்கிவைத்துவிட்டு, படிக்கட்டு ஜன்னலைத் தள்ளித் திறந்து, கையை வெளியே நீட்டிக் காற்றைத் தொட்டுக் காட்டி "அயெர் அல்லெ" என்றார். இருக்கிறதே என்றார். சரிதான், இல்லாமல் என்ன. பிறகு என் தோளைத் தட்டி, இங்கே அழுகிற குழந்தைக்கும் இழவு வீட்டுக்கும் பொதுவாகச் சொல்லும் ஒரு வார்த்தையைச் சொன்னார். "அய்ஸோஹ்." மனதை விடாதே.

காற்று குறைந்த இடத்துக்கு வந்த உடம்பு என்ன செய்யும் என்பது என் சொந்தப் பாடம். முதல் நாளிலேயே மூச்சு வேகமாகும், நாடி வேகமாகும். அது அவசர ஏற்பாடு. பிறகு சிறுநீரகம் எலும்பு மஜ்ஜைக்குச் சேதி அனுப்பும், சிவப்பணுக்கள் வாரக்கணக்கில் பெருகும். ரத்தம் கெட்டியாகும். போன மாதம் என் ரத்தத்தைப் பரிசோதித்த இளம் டாக்டரம்மா சீட்டைப் பார்த்துச் சிரித்தார். இந்த மலைக்காரர்கள் பலருக்கும் ரத்தம் அப்படிக் கெட்டிப்படுவதில்லை, எத்தனையோ தலைமுறை இங்கேயே பிறந்து இறந்ததில் அவர்களுடைய உடம்பு வேறு வழி கண்டுபிடித்துவிட்டது, கெட்டி ரத்தம் வந்தேறிகளுக்குத்தான் என்றார். கேலியாகத்தான் சொன்னார். கடைசியில் சீட்டை மடித்துக் கொடுத்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்: "கவலைப்படாதீர்கள், உங்கள் உடம்பு பழகிவிட்டது."

அந்த வாக்கியத்தை நானும் ஒருவனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் பெயர் செங்கோடன்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு வறட்சி. தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. ஆழப்படுத்த வேண்டும். ஊறுகிற தண்ணீரை இறைத்தால்தான் அடியில் நின்று பாறையை வெட்ட முடியும். மேலேயிருந்து இழுக்கப் பம்புக்குச் சக்தி கிடையாது. எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற மாதிரி, கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் இருந்த பாறைத் திட்டில் ஆயில் எஞ்சினை இறக்கி வைத்தோம். புகைக்குழாயைக் கிணற்று மேட்டுவரை இழுத்துவிட்டோம். எஞ்சினைப் பார்த்துக்கொள்வது செங்கோடன் வேலை. முப்பது வயது இருக்கும். எங்கள் தோட்டத்திலேயே வளர்ந்தவன். மனைவி பாவாயி, மூன்று வயதில் சரசு என்று ஒரு மகள்.

பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன் லாந்தர் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது அங்கே வழக்கம். அணைந்தால் இறங்கக் கூடாது. கெட்ட காற்று கலைய, வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் நாலைந்து தடவை இழுப்பதும் உண்டு. இரண்டாம் நாள் மத்தியானம் செங்கோடன் மேலேறி வந்து வாந்தி எடுத்தான். மூச்சு முட்டவில்லை, மண்டைதான் பிளக்கிறது என்றான். எஞ்சினைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு வேப்பங்கொத்து விடலாம் என்றான். நிறுத்தினால் தண்ணீர் ஊறிவிடும், கீழே வெட்டிக்கொண்டிருந்த நாலு பேருடைய அரை நாள் வேலை போய்விடும். எனக்கு மறுநாள் கல்லூரிக்குப் போக வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே லாந்தரை ஏற்றித் திட்டுவரை இறக்கச் சொன்னேன். விளக்கு அசையாமல் எரிந்தது.

"வெளக்கு கொழுந்து விட்டு எரியுதே செங்கோடா. காத்து இல்லாமயா எரியும்?" என்றேன்.

அவன் சிரித்தான். "வெளக்குக்கு வேணுங்கற காத்து இருக்குதுங்க வாத்தியாரே. எனக்கு வேணுங்கறது இருக்குதான்னு அதுக்கு எப்படீங்க தெரியும்?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரம்தான் வகுப்பில் மலைவாசிகளின் உடலைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். அதை எடுத்து அவனிடம் விட்டேன். மலையேறுகிறவனுக்கும் முதலில் தலை வலிக்கும், வாந்தி வரும், நாலு நாள் பொறுத்தால் ரத்தமே கூடிவிடும் என்றேன். "ஒடம்பு பழகிக்கும், போ" என்றேன். அதற்குமேலும் படித்தவனை மறுத்துப் பேசுவது அவன் வழக்கம் அல்ல. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

மறுநாள் கீழே வெட்டியவர்கள் சோற்றுக்கு மேலேறி வந்தார்கள். எஞ்சினை விட்டு வர முடியாததால் அவன் மட்டும் திட்டிலேயே இருந்தான். அவர்கள் சாப்பிட்டுத் திரும்பியபோது சுவரில் சாய்ந்தபடி கிடந்தான். கல்லூரிக்கு ஆள் வந்து சொல்லி நான் போய்ச் சேர்ந்தபோது கிணற்று மேட்டில் கிடத்தியிருந்தார்கள். முகம் செத்தவன் முகமாக இல்லை. கன்னமும் உதடும் செக்கச்செவேல் என்று, நல்ல தூக்கத்தில் இருப்பவனைப் போல. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிடப் பல மடங்கு இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும், விடாது. ரத்தம் பளிச்சென்று சிவக்கும். விளக்கு அதற்கு அணையாது. இத்தனையும் நான் தேர்வுக்குக் கேள்வியாகக் கேட்டவை. உடம்பு பழகிக்கொள்ள முடிகிற பொருள் அல்ல அது என்பதும் எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் யாரோ, "கள்ளப் போட்டுட்டுப் படுத்திருக்கறான், மூஞ்சி செவந்து கெடக்குது பாரு" என்றார்கள். செங்கோடன் கள்ளைத் தொடமாட்டான் என்று ஊருக்கே தெரியும். சிவந்த முகத்தைப் பார்த்ததும் ஊருக்கு அது மறந்து போயிற்று. விசாரிக்க வந்த போலீஸ்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குடிப்பானா என்று கேட்டார். "தெரியலீங்க" என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு நான் திட்டுக்கு இறங்கிப் பார்த்தேன். புகைக்குழாயில், எஞ்சினை ஒட்டிய இணைப்பு கழன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. அதை நானே முறுக்கி இறுக்கிவிட்டு மேலே வந்தேன். பொய்யை வாயால் சொன்னது ஒரு தடவைதான். குழாயை இறுக்கியது கையால் செய்த பொய்.

சரசு பெரியவளான பிறகு அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள், "கள்ளுக் குடிச்சுக் கெணத்துல செத்தவன் புள்ள" என்ற பேச்சில் நின்றுபோனதாகக் கேள்விப்பட்டேன். அப்போதும் கல்லூரியில் அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன்.

உயரத்திலிருந்து சமவெளிக்கு இறங்குகிறவனுக்கு முதல் சில நாள் இளமை திரும்பின மாதிரி இருக்கும். கூடுதல் ரத்தம் உடம்பில் ஓடும், எவ்வளவு நடந்தாலும் களைக்காது. போன சித்திரையில் ஊருக்குப் போனபோது அந்தத் தெம்பில்தான் பாவாயியைப் பார்க்கப் போனேன். சரசு கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போயிருந்தாள். பாவாயி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். புகைக்குழாய், விளக்கு, பழகிக்கும் என்று நான் சொன்னது, தெரியலீங்க என்றது. அவள் அழவில்லை.

"அவங்க குடிக்கலீன்னு எனக்குத் தெரியாதுங்களா? மூஞ்சியோட மூஞ்சி வெச்சு அழுதவ நானு. நாத்தம் வரலியே" என்றாள். நாற்காலி துடைத்த துணியை உதறிவிட்டு, "எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? நாளைக்கு மாரியாத்தா நோம்பி. ஊரே கோயிலடியில இருக்கும். அங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. என்ற மவ காதுல விழோணும்" என்றாள்.

"வாரேன்" என்றேன்.

மறுநாள் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே கோயில். பந்தலின் கீழே என் பங்காளிகள், என்னிடம் படித்த இரண்டு பேர், இப்போது ஊருக்குப் பெரியவர்கள். தூண் ஓரமாகப் பாவாயி. பக்கத்தில் நரை விழுந்த ஒரு பெண், சரசுவாகத்தான் இருக்க வேண்டும். இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேலமரத்துக்குப் பின்னால் நின்றேன். அதே பஸ் திரும்பி வந்ததும் ஏறிவிட்டேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை, தலை சுற்றவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது எழுதுகிறேன்: செங்கோடன் குடிக்கவில்லை. அவனை அந்தத் திட்டுக்குத் திரும்ப அனுப்பியவன் நான். பாவாயிக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைக் கோயிலடியில் வாய்விட்டுப் படியுங்கள் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அது என் வேலையை இன்னொருவன் தலையில் வைப்பதாகும். அடுத்த நோம்பிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

சமவெளிக்குப் போனால் சில வாரங்களில் என் உடம்பு கூடுதல் அணுக்களைத் தானே அழித்துவிடும்; இங்கே வந்தால் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும். அதற்கு எந்த ஊரும் ஒன்றுதான். இன்றும் லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்காதபோதும் பழக்கத்தில் மூன்றாவது மாடிக்கு முன்னால், படி திரும்பும் இடத்தில் உட்கார்ந்தேன். கீழே தெரு, மேலே என் கதவு, நடுவில் நாலடிச் சிமெண்டுத் திட்டு. ததெஸ்ஸே கேன்களோடு ஏறி வந்தார். என்னைப் பார்த்ததும் இறக்கிவைத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார். "அய்ஸோஹ்" என்றார். நல்ல காற்று வந்தது. மேலே போகவும் கீழே இறங்கவும் வேண்டிய ரத்தம் உடம்பில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.