மானிட்டர் மேல் கிடந்த துண்டு

என் மடிக்கணினியின் மேல் நீலக் கட்டம் போட்ட ஒரு பழைய துண்டு எப்போதும் மடித்துக் கிடக்கும். ஓரம் நைந்து நூல் பிரிந்தது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் நாங்கள் வாங்கிய இந்த அடுக்குமாடி வீட்டில் மற்ற பொருளெல்லாம் புதிதாக இருப்பதால், வருகிறவர்கள் கண் நேராக அதன்மேல்தான் போகும். "தூசு துடைக்கிற துணியா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். காப்பி குடிக்க வந்தவர்களிடம் முழுக் கதையையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்ன? அது என் மாமாவின் துண்டு. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இந்தத் துண்டால்தான் அவருக்கு எங்கள் வீட்டில் கெட்ட பெயர் வந்தது.

அப்போது நாங்கள் முத்தாபுதுப்பேட்டையில் இருந்தோம். அத்தை இறந்தபின் மாமா தனியாகச் சமைத்துத் தின்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மாதான் அவரை எங்களோடு வந்து இருக்கச் சொன்னாள். பிள்ளை குட்டி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். பெரும்பாலும் நைட் ஷிப்ட். காலையில் வந்து குளித்து, ஈரத் துண்டைத் தோளில் போட்டபடி இட்லி தின்றுவிட்டு, தூக்கம் வரும்வரை ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் செய்தி படிப்பார். அப்பாவின் கம்பெனியில் பழசு என்று தள்ளிவிட்டபோது வாங்கிவந்த கம்ப்யூட்டர் அது. மாமா திரையில் விரல் வைத்து வரி வரியாகப் படிப்பார். கண்ணாடி பூராவும் விரல் தடம் என்று அம்மா கத்துவாள். அந்தத் தடத்தையும் அதே துண்டால்தான் துடைப்பார்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வருஷம் அது. நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வாரத்துக்கு நாலு ஜாதகம் வரும். ஒவ்வொன்றுக்கும் ஜோசியரிடம் ஓடி அலுத்துப்போன அப்பாவுக்கு, பொருத்தம் பார்க்கும் சாப்ட்வேர் இன்டர்நெட்டில் சும்மாவே கிடைக்கிறது என்று கம்பெனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். விடுவாரா? இராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஜன்னலுக்குப் பின் ஜன்னலாக அது எதையெதையோ கேட்டது. இதையும் சேர்த்துப் போடவா, அதையும் வைக்கவா என்று. பக்கத்தில் நின்ற நான், "எல்லாத்துக்கும் எஸ் குடுக்கறியே நைனா, இன்னா கேக்குதுன்னு படிக்க வாணாமா?" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நல்ல காரியத்துக்கு உக்காந்துகினு நோ-ன்னு அமுக்கக் கூடாதும்மா. கல்யாண விஷயம். எல்லாத்துக்கும் எஸ்தான்" என்றார். அவ்வளவு பயபக்தியோடு சொன்னபோது நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். எனக்கும் அப்போது கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும்? ஆபீஸில் கணக்கு ஏற்றத் தெரியும், அவ்வளவுதான்.

இலவசமாக வருகிற சாப்ட்வேர் ஒண்டியாக வராது. கூடவே நாலைந்து விளம்பரப் பூச்சிகளையும் கூட்டிக்கொண்டு வரும். அப்பா எஸ் சொன்னதெல்லாம் அவற்றை வா வா என்று உள்ளே அழைத்த எஸ். அப்பாவோ மாலையில் ஜாதகத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறவர். இன்டர்நெட் பக்கம் போகிறவர் மாமா ஒருவர்தான். அதனால் அது முதலில் மாமாவின் கண்ணில்தான் பட்டது. செய்தியைத் திறந்தால் சூதாட்டம், தலைமுடித் தைலம், அப்புறம் துணியில்லாத பெண்கள். ஒன்றை மூடினால் இரண்டு திறக்கும். கடிகாரம் மாதிரி ஒழுங்காக வாழ்ந்த மனுஷன் அவர். அக்காவும் வயசுக்கு வந்த அக்கா மகளும் நடமாடும் ஹாலில் இந்தக் கண்றாவி வந்து நின்றால் என்ன செய்வார்? கொலுசுச் சத்தமோ காலடியோ கேட்டதும் தோளில் கிடந்த துண்டை உருவித் திரைமேல் போட்டுவிடுவார். நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்று மறைத்தார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வழி.

பார்க்கிறவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. அம்மா இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறாள். அப்பா ஒருநாள் துண்டை விலக்கிப் பார்த்தே விட்டார். கம்பெனியில் கேட்டாராம். "எதைப் பாக்குறமோ அதுதான் திரும்பத் திரும்ப வரும்" என்று சொல்லிவிட்டார்கள். பெண்டாட்டி இல்லாத ஆம்பளை, பகலில் கம்ப்யூட்டர் முன் தனியாக உட்கார்கிறவர். வேறு யாரை நினைப்பார்கள்? மாமா வந்தால் பேச்சு நின்றது. எனக்கு மாமா இருக்கும்போது ஹாலுக்குப் போகாதே என்று உத்தரவு. ஏன் என்று கேட்டால் அம்மா, "சொன்னா கேளு" என்பாள். இவ்வளவும் நடந்தது, ஒருவர்கூட அந்த மனுஷனிடம் நேராக ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மாங்காட்டிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. நல்ல இடம். எல்லோருக்கும் பிடித்துப்போன மாதிரிதான் இருந்தது. கேசரி தின்றபடி மாப்பிள்ளையின் பெரியப்பா, "பொருத்தம் நீங்களே கம்ப்யூட்டர்ல பாத்தீங்களாமே?" என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோரையும் எழுப்பிக்கொண்டுபோய் மானிட்டர் முன் நிறுத்தினார். ஜாதகம் வந்தது. பத்துக்கு எட்டுப் பொருத்தம் வந்தது. அது மேலேயே, யாரும் எதையும் தொடாமலே, ஒரு ஜன்னல் திறந்து திரை முழுக்க ஒரு படம் விரிந்தது. அதை எழுத எனக்கு இஷ்டமில்லை. அடுத்த நொடி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து துண்டு வந்து திரைமேல் விழுந்தது. மாமாதான். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். குறி தவறாமல் விழுந்த அந்த வேகமே அவருக்கு எமனாகிவிட்டது. இவ்வளவு பழக்கமா என்று அப்பா பார்த்த பார்வையை நான் பார்த்தேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். செய்யாத ஆள் எதற்குத் தலை குனிய வேண்டும் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

மாங்காட்டுக்காரர்கள் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அன்று சாயங்காலம் அப்பா மாமாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "மச்சான், இது பொண்ணு கீற ஊடு." மாமா அப்போதே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பைத் தேடும் சாக்கில் கொஞ்ச நேரம் நின்றார். அக்கா ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றாரோ என்னவோ. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா அப்படிப்பட்டவர் இல்லம்மா" என்று நான் சொன்னபோது, "வாய மூடு" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. துண்டு மானிட்டர் மேலேயே கிடந்தது. அதை எடுத்துப்போக அவர் ஹாலுக்குள் வரவில்லை.

அப்பா கம்ப்யூட்டரை ஆவடியில் ஒரு கடைக்குத் தூக்கிப்போய் உள்ளே இருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்துக்கொண்டு வந்தார். மறுநாளிலிருந்து ஒரு படமும் வரவில்லை. "பாத்தியா? ஆள் போனான், அதுவும் போச்சு" என்றார். அம்மாவுக்கும் அது நிரூபணம் ஆகிவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தம்பிக்குப் பிடிக்கும் என்று வாங்கும் நெத்திலியை அவள் வாங்குவதையே விட்டுவிட்டாள்.

மறுபடி ஜாதகங்கள் வரத் தொடங்கின. கடைக்காரர் அழித்ததில் பொருத்தம் பார்க்கும் சாப்ட்வேரும் போயிருந்தது. அப்பா மறுபடி இராகு காலம் பார்த்தார், திருநீறு இட்டார், எல்லாவற்றுக்கும் எஸ் கொடுத்தார். ஒரு வாரம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில்தான் இருந்தேன். அப்பா ஹாலில் தனியாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். அம்மா காப்பியோடு உள்ளே போனாள். பின்னாலேயே நானும் போனேன். காலடிச் சத்தம் கேட்டதும் அப்பா விருட்டென்று திரும்பி, பக்கத்தில் மடித்து வைத்திருந்த மாமாவின் துண்டை எடுத்துத் திரைமேல் போட்டார்.

அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். "இன்னா பாத்துகினு இருந்த?"

"நான் ஒண்ணியும் பாக்கலடி. சத்தியமா பாக்கல. அதுவா வருது."

"என் தம்பியும் அதத்தான சொல்லியிருப்பான்? நீ கேட்டியா? நான் கேட்டனா?" காப்பி டம்ளரைக் கீழே வைக்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை. நின்றபடியே அழுதாள். அம்மா அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. அப்பா துண்டைப் பிடித்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரிடம் விஷயத்தைப் பொதுவாகச் சொல்லிக் கேட்டேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கடைசியா என்ன போட்டீங்க?" வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடி கன்ட்ரோல் பேனலைத் திறந்து, உள்ளே இருப்பவற்றைத் தேதி வாரியாக வரச் செய்தேன். ஜாதக சாப்ட்வேரை அப்பா போட்ட அதே தேதியில், பேர் தெரியாத நாலு வேறு புரோகிராம்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாக நீக்கினேன். பிரவுசரில் ஒட்டிக்கொண்டிருந்த விளம்பரப் பட்டைகளை எடுத்தேன். தானாக மாறியிருந்த முதல் பக்கத்தைப் பழையபடி வைத்தேன். மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். சுத்தமாக இருந்தது. அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஜாதக சாப்ட்வேரையும் நீக்கிவிட்டு, அவர் கையாலேயே திரும்பப் போடச் சொன்னேன். இந்தத் தடவை ஒவ்வொரு ஜன்னலையும் உரக்கப் படித்துக் காட்டினேன். வேண்டாததற்கு நோ அமுக்கச் சொன்னபோது அவர் விரல் மவுஸ் மேல் அப்படியே நின்றது. "அமுக்கு நைனா. ஒண்ணும் ஆவாது" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். ஒரு வாரம் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

மாமா பட்டரவாக்கத்தில் ஒற்றை அறை எடுத்திருந்தார். மூன்று பேரும் போனோம். அம்மா துண்டைத் துவைத்து மடித்துக் கையில் வைத்திருந்தாள். ஆள் இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவசரமாகக் கட்டிலில் இருந்த துணிகளை ஒதுக்கி உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை. அப்பா வழியெல்லாம் என்னென்னவோ யோசித்துக்கொண்டு வந்தவர், வாயைத் திறந்ததும் இதுதான் வந்தது: "மச்சான், எனக்கும் வருது."

"இன்னா மாமா வருது?" என்று அவர் அப்பாவைக் கேட்டார்.

"அந்தக் கண்றாவிதான். எனக்கும் வருது. ஜாதகம் பாக்கப் போட்டேன் பாரு, அதுல தொத்திகினு வந்திருக்குது. நீ ஒண்ணியும் பண்ணல."

மாமா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சுகினு கீறேன் மாமா. என்னாலதான் பாப்பாவுக்கு வந்த எடம் போச்சுன்னு..." அன்று ஏன் தலை குனிந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தான் குற்றவாளி என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் அதை அதிகமாக நம்பியிருந்தார். "சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா" என்று அம்மா அழுதாள். "இன்னான்னு சொல்றது யக்கா? அந்தப் படத்தைப் பத்தி உன்னாண்ட எந்த வாயால சொல்வேன்?" என்றார். துண்டை நீட்டினாள். "அது அங்கயே கெடக்கட்டும்கா. தூசு விழாம இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஊட்டுக்கு வா என்று அப்பா எவ்வளவோ கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். சொன்ன சொல் தவறாமல் ஞாயிறுதோறும் வந்தார், நெத்திலிக் குழம்பு சாப்பிட்டார், எல்லோரோடும் சிரித்துப் பேசினார். ஆனால் ஒருநாளும் தங்கவில்லை. கம்ப்யூட்டருக்கு முதுகு காட்டித்தான் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். தாகம் எடுத்தால் தானே உள்ளே போய் மொண்டு குடிக்கிறவர், "யக்கா, கொஞ்சம் தண்ணி குடு" என்று கேட்க ஆரம்பித்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிடும். என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் குறைவில்லாமல் செய்தார். சில வருஷங்களுக்கு முன் ஷிப்ட் முடிந்து வரும்போது மார்வலி என்றார், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டபோது துண்டை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அப்பா அம்மா என்னோடு இருக்கிறார்கள். அப்பாவின் போனில் ஏதாவது தளம் அனுமதி கேட்டால் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் விரலை வைப்பார். போன மாதம் அம்மாவின் முட்டிவலிக்கு மடிக்கணினியில் ஒரு தைலம் தேடி ஏதோ ஒரு தளத்துக்குள் நுழைந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தைலத்தின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டென்று ஒரு படம் திரை முழுக்க விரிந்தது. அதே கண்றாவி. இத்தனை வருஷம் கம்ப்யூட்டரோடு வேலை செய்த அனுபவம் எங்கே போயிற்றோ, எனக்கு அதை மூட வரவில்லை. அப்பா மெல்ல எழுந்தார். பக்கத்தில் கிடந்த நீலத் துண்டை எடுத்துப் பிரித்துத் திரையை மூடினார். கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ ஒண்ணியும் பண்ணல. எனக்குத் தெரியும்" என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. துண்டைப் பார்த்துச் சொன்னார்.