நிலா நோட்டில் ஒரு வெறும் கட்டம்

அக்காவின் ஓராண்டு நினைவுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கிய அனைவருக்கும் வணக்கம். நினைவுநாள் திதிப்படியா, நட்சத்திரப்படியா என்று குடும்பத்தில் நீண்ட தர்க்கம் நடந்து, கடைசியில் இரண்டு நாளும் சோறு போடுவதென்று முடிவானது. இரண்டும் நிலாவை வைத்துப் போடும் கணக்குத்தான். அக்கா ஆட்சேபித்திருக்க மாட்டார். நகைச்சுவை எழுதுகிறவன் என்பதால் கட்டுரையை என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஓராண்டாக எனக்கு எதுவும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. அதற்கு முன்பு வாசகர்களுக்குத் தோன்றியதில்லை.

அக்கா பிறந்தது பெருங்கடவிளையில். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது, விளைச்சல் சுமார்தான். பாறசாலைக்கு அருகே தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. பஸ்ஸில் நின்று போய், நின்று பாடம் நடத்தி, நின்றே திரும்பினார்.

தேய்பிறை எட்டாம் நாள் காலையில் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போவார். மேற்கே வெளுத்த அரை நிலா நிற்கும். சுண்ணாம்பு பூசிய தேங்காயை அதற்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொல்வார். வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்துத் தெரியும்.

"டீச்சரே, தேங்காயும் பாதியாக்கும்!"

ஒருமுறை அவர் மறந்த சோற்றுப் பாத்திரத்தோடு போன நான், "பூமியோட நிழல் விழுந்துதான் நிலா தேயுது" என்று பிள்ளைகளுக்கு உதவி செய்தேன்.

"அது கிரகணமாக்கும். எலே, நீ எம்.ஏ. படிச்சவன்னு இதுங்ககிட்ட பெருமை சொல்லி வச்சிருக்கேன்."

வகுப்பே சிரித்தது. என் நகைச்சுவைக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அது.

பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் முப்பது கட்டம் போட்ட நோட்டு உண்டு. தினம் நிலாவைப் பார்த்து வரைய வேண்டும். சட்டம் ஒன்றே: பார்க்காததை வரையக் கூடாது. மழை மாதத்தில் பக்கம் முழுக்க வெறும் கட்டங்கள்; அதற்கும் முழு மதிப்பெண். பார்வையிட வந்த அதிகாரி முகம் சுளித்தபோது, "மழைய நான் திருத்த முடியாது சாரே" என்றார் அக்கா.

ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளில் படுக்கையில் விழுந்தார். அவர் அறை ஜன்னலைப் பக்கத்து மாடி வீடு மறைத்திருந்தது. எனவே அவர் தனக்கென்று வைத்திருந்த நிலா நோட்டும் பென்சிலும் என் கைக்கு வந்தன. அந்திதோறும் நான் பார்த்து வந்து அவர் முன் வரைய வேண்டும். துணி மாற்றி, மருந்து கொடுத்து, கஞ்சி ஊட்டி முடிந்தபின் வாசல்வரை நடப்பதும் எனக்கு மலையாக இருந்தது. ஒருநாள் காலண்டரைப் பார்த்து மூன்றாம் பிறையை வரைந்துவிட்டேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன் அக்கா. கிழக்க, தென்னைக்கு மேல."

"மூணாம் பிறை அந்திக்குக் கிழக்கயா நிக்கும்? பொய் பறையணும்னா படிச்சிட்டுப் பறை மக்கா."

நான் ரப்பரைத் தேடினேன். அதற்குள் அவரே சொன்னார்: "களைச்சுப் போனா போய்க் கெட. கட்டத்தைச் சும்மா விடு. வெறும் கட்டம் தப்பில்ல."

வரைந்ததை அவர் கண்முன்னேயே அழித்தேன். பிறகு பல நாள் நிலா பார்க்கப் போகவில்லை. ஆனால் பொய் வரையவில்லை. அந்த வகுப்பில் நான் தேறியது அவ்வளவுதான்.

வீடு தேடி வந்து புண்ணைச் சுத்தம் செய்த பாலியேட்டிவ் நர்ஸ் சகோதரிக்கும், எந்நேரம் அழைத்தாலும் "இந்தா வாறேன்" என்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும், கடைசிக் காரியங்களில் தோள் கொடுத்த அயல்வாசிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறோம். அச்சகத்திலிருந்து, "கடைசிக் கட்டம் விட்டுப்போச்சே, ஒரு பௌர்ணமி போட்டிரட்டா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அக்கா போன அன்று மாலை நான் வானத்தைப் பார்க்கவில்லை. அன்று எங்கள் முற்றத்தில் நின்ற உங்களில் யாராவது பார்த்திருந்தால், உங்கள் பிரதியில் வரைந்துகொள்ளுங்கள். பார்க்காதவர்கள் தயவுசெய்து அப்படியே விட்டுவிடுங்கள்.