வண்டிக்கு முன்கேட், எனக்குப் பின்சந்து

பெங்களூரில் காருக்கு ஷெட் தேடி அலைந்தவனுக்கு மனிதர்களைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் மிச்சமிருக்காது. பெண் தேடி வருகிறவனை இந்த ஊர் உட்காரவைத்து விசாரிக்கும். வீடு தேடி வருகிறவனை நிற்கவைத்தாவது விசாரிக்கும். ஓடாத காருக்கு ஷெட் தேடி வருகிறவனிடம் மட்டும்தான் ஒப்பனை எதுவும் இல்லாமல் பேசும்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்த சமயம். ஊருக்கு வெளியே இருந்த ஒரு சர்க்கார் பாக்டரியில் எனக்கு வரைபடம் போடுகிற வேலை. குடியிருந்தது அல்சூரில், இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய தெருவில். இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்தியரிடம் யுத்தத்துக்கு முந்திய சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். ஓடாது என்று தெரிந்துதான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமையானால் சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குக் குதிரைப் பந்தயம். எனக்கு இந்தப் பைத்தியம். எஞ்சினைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டி, என் கையாலேயே ஓடவைத்துப் பார்க்க வேண்டும்.

கார் தெருவில் நின்றது. கோயில் பூப்பல்லக்கு வருகிற நாள் நெருங்கியது. பல்லக்கு திரும்புகிற முனையை அடைத்துக்கொண்டு என் வண்டி. தெருக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து அதை அலேக்காகத் தூக்கி ஏரிக்கரைப் பக்கம் வைத்துவிட்டு வந்தார்கள். "சாமியே நகர்ந்து வருது, உன் வண்டி நகராதா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். அதில் நியாயம் இருந்தது. ஷெட் தேடப் புறப்பட்டேன்.

முதலில் பார்த்த ஷெட்டின் சொந்தக்காரர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க கறி சாப்பிடறவங்களா?" என்பது. ஷெட்டில் சமைக்கப் போவதில்லை, கார்தான் நிறுத்தப் போகிறேன் என்றேன். "இருந்தாலும் கேட்டு வெச்சுக்கணும் இல்லையா" என்றார். கார் பெட்ரோல் மட்டும்தான் சாப்பிடும், சுத்த சைவம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஷெட்டும் கிடைக்கவில்லை. இன்னொருவர் கோழி அடைத்திருந்த கொட்டகையைக் காட்டி, கோழிகளை வெளியேற்ற முடியாது, அதுகளோடு சேர்ந்து இருந்துகொள்ளலாம் என்றார். இப்போது யோசித்தால், எல்லோரிலும் யோக்கியமானவர் அவர்தான். கோழிக்கும் எனக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை.

கடைசியில் பிரேசர் டவுனில் ஒரு பங்களாவின் பின்பக்கம் இடம் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்துக் குதிரை லாயம். மூன்று தடுப்புகள். பங்களாவின் சொந்தக்காரர் ரிட்டயரான ஜட்ஜ், மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழர். பென்ஷன் போதவில்லை. அதை ஒப்புக்கொள்ள மனசில்லாமல், மோட்டார் பிரியர்களுக்கு உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு தடுப்புகளை வாடகைக்கு விட்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பேங்க் ஆபீசர், இன்னொருவர் காலேஜில் பௌதிகம் நடத்துகிற லெக்சரர். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஜட்ஜ், அந்தப் பக்கம் நான். பேச்சு அப்படியே நடந்தது.

"எந்த ஊரு?"

"தங்கவயல், சார். அப்பா சுரங்கத்துல இருந்தார்."

"அதுல யாரு?"

"பௌத்தர், சார்."

"பௌத்தர்னா? சிலோன்காரங்களா?"

"இல்ல சார், தங்கவயல்தான். ரெண்டு தலைமுறையா."

அவர் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. தங்கவயலில் தமிழ் பேசுகிற பௌத்தர்கள் யார், எதை உதறிவிட்டுப் புத்தரிடம் போனவர்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. துரத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். மூன்றாவது தடுப்பு வருஷக்கணக்காகக் காலியாகக் கிடந்தது. அதனால் துரத்தவில்லை. கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிற குரலில் சொன்னார்: "வண்டி முன்பக்கமா வரட்டும். நீ பின்பக்கமா வந்துடுப்பா."

பின்பக்கம் என்றால் பின்சந்து. கன்டோன்மென்ட் பங்களாக்களுக்குப் பின்னால் ஓடுகிற, கக்கூஸ் கழுவ வருகிறவர்களுக்காக விட்ட சந்து. அதில் என் கார் நுழையாது, ஆள்தான் நுழைய முடியும். ஆகவே நான் கூலி கொடுத்த நான்கு பேர் என் காரை முன்கேட் வழியாக, குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நடுவே, வராந்தாவைக் கடந்து தள்ளிக்கொண்டு போனார்கள். நான் தெருவைச் சுற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, சந்து வழியாகப் போய் என் காரை வரவேற்றேன். அதன் சக்கரத்தில் அல்சூர்ச் சாணி ஒட்டியிருந்தது. அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று கேட்கலாம். வேறு ஷெட் இல்லை. அதோடு, தள்ளிக்கொண்டு போன அந்தக் காரின் முதுகைப் பார்த்தபோதே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். இதை ஓடவைக்க வேண்டும். ஓடினால் அது வெளியே போக ஒரே வழி முன்கேட்தான், ஓட்டுகிறவன் உள்ளே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஜட்ஜுக்கு இது தோன்றவில்லை. என் வண்டி ஓடும் என்று அவர் நினைக்கவே இல்லை.

அங்கே காரில் வேலை செய்ய நேரம் கிடைப்பதே பெரும் பாடு. எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும். சாப்பிட்ட பிறகு ஜட்ஜ் தூங்குவார், சத்தம் கூடாது. அவர் எழுந்திருக்கும்போது ராகுகாலம் தொடங்கும், எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ராகுகாலம் முடிந்தால் விளக்கு வைக்கிற நேரம், இரும்பைத் தட்டக் கூடாது. மிச்சமிருந்தது காலைப் பொழுது. அப்போது அவர் பேப்பர் படிப்பார், வரிக்கு வரி சத்தமாக. தேசம் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதற்கு என் சுத்தியல் சத்தத்தையும் ஓர் உதாரணமாகச் சேர்த்துக்கொள்வார்.

கூட்டாளிகள் இருவரையும் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பேங்க் ஆபீசரின் கார் மாமனார் கொடுத்தது. வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு வருவார். மான்தோலால் காரைத் துடைப்பார். பானெட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை. உள்ளே எஞ்சின் இருக்கிறது என்பதை அவர் கேள்விப்பட்டிருந்தார், அவ்வளவுதான். லெக்சரர் அதற்கு நேர் எதிர். எஞ்சினைக் கடைசி ஆணிவரை பிரித்து பிஸ்கட் டின்களில் போட்டு வைத்திருந்தார். மறுபடி பூட்டுவது தத்துவரீதியாக அவருக்கு முக்கியமாகப் படவில்லை. மனிதர்கள் எல்லோரும் சமம், ஜாதி என்பது நாட்டின் சாபக்கேடு என்று ஸ்பானரை ஆட்டி ஆட்டி அழகாகப் பேசுவார். பேசிவிட்டு வராந்தாவுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வருவார்.

அந்தக் காபி எனக்கும் ஒருமுறை வந்தது. கைப்பிடி உடைந்த எனாமல் குவளையில், மதில்மேல் வைக்கப்பட்டு. நான் காபி குடிப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு முனையிலிருந்த, கறி போடுகிற மிலிட்டரி ஓட்டலில் இரண்டு காபி குடித்தேன். வாடகையையும் அதே மதில்மேல்தான் வைக்க வேண்டும். அதை எடுக்க மட்டும் ஜட்ஜுக்குக் கூச்சமில்லை.

"அவர் பழைய காலத்து மனுஷர், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் பேங்க்.

"ஒரு விதத்துல உங்களுக்குச் சௌகரியம்தான்" என்றார் லெக்சரர். "பஸ் ஸ்டாப்புக்கு அந்தச் சந்து கிட்டக்க இல்லையா?"

நான் வால்வைத் துடைக்கக் குனிந்தேன். இப்படிப்பட்டவர்களோடு சண்டை போடுவதற்குக்கூட ஒரு தகுதி அவர்களுக்கு வேண்டும்.

இரண்டு வருஷம் ஆயிற்று. நான் பெரிய நிபுணன் ஒன்றும் இல்லை. ஒரே வால்வைத் தப்பாகப் பூட்டி, கழற்றி, மறுபடி தப்பாகப் பூட்டியவன். இருந்தும் அந்த வருஷம் நவராத்திரிக்கு முந்தின ஞாயிறு எஞ்சின் பிடித்துக்கொண்டது. லாயம் முழுக்கப் புகை. ஜட்ஜ் கையில் பேப்பரோடு ஓடிவந்து, தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். "ஓ" என்றார். அந்த 'ஓ'வில் அவருக்குக் கேட் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். டயர் மாட்டுகிற வேலை பாக்கி. ஆயுத பூஜை லீவில் மாட்டிவிட்டு, மறுநாள் விஜயதசமி காலையில் ஓட்டிக்கொண்டு வெளியே போவதென்று திட்டம் போட்டேன்.

ஆயுத பூஜையன்று டயரை மாட்டி முடித்த கையோடு ஜட்ஜ் வீட்டு வேலைக்காரர் வந்து, லாயத்திலிருந்த ஆயுதங்கள் அத்தனையையும் பூஜைக்கு எடுத்துப் போனார். என் ஸ்பானர்கள், ஜாக்கி, எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற கிராங்க் கம்பி எல்லாம் முன்வராந்தாவுக்குப் போயின. சந்தனம், குங்குமம், பொரி, கற்பூரம் எல்லாம் நடந்தது. நான் பக்கத்து வேலியோரம் நின்று பார்த்தேன். என் கையழுக்கு இன்னும் காயாத ஸ்பானர் வாழையிலைமேல், சரஸ்வதி படத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்த கை வேலிக்கு வெளியே. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. எங்கள் வீட்டில் இந்தப் பூஜை வழக்கம் கிடையாது. ஆனால் அன்று வைத்த ஆயுதத்தை மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

மறுநாள் காலை நான் சந்து வழியாக வந்தபோது ஜட்ஜே லாயத்து வாசலில் நின்றிருந்தார். பட்டு வேஷ்டி, முகமெல்லாம் வேர்வை. பேங்கும் லெக்சரரும் பக்கத்தில். விஷயம் இதுதான். அவருடைய மகளைப் பெண் பார்க்க மைசூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வருகிறார்கள். ஸ்டேஷனுக்குக் கார் அனுப்புவதாக எழுதிவிட்டார். போர்ட்டிகோவில் நிற்கிற அவருடைய பெரிய கார் கிளம்பவில்லை. அது வருஷக்கணக்காக அழகுக்கு நின்றது. பேங்கின் காரில் எஞ்சின் இறுகிப்போயிருந்தது. லெக்சரரின் கார் டின்களில் இருந்தது. மிஞ்சியது நான் ஓடவைத்த வண்டி.

"வண்டிய குடுப்பா. பேங்க் சார் ஓட்டிட்டுப் போவார்" என்றார் ஜட்ஜ். "நீ எப்பவும்போல பின்பக்கமா போயிடு."

"என் வண்டி சார். நான்தான் ஓட்டுவேன்."

"பெரிய மனுஷங்க வர்றாங்க. யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அப்போது நம் சமத்துவ லெக்சரர் குறுக்கே வந்தார். அவர் முகத்தில் ஒரு சிக்கலை அவிழ்த்துவிட்ட திருப்தி. "டிரைவர்னு சொல்லிட்டா ஒரு பிரச்சினையும் இல்லையே சார்."

ஜட்ஜ் முகம் தெளிந்தது. "அது சரி. ஏம்பா, ஒரு காக்கிச் சட்டை குடுக்கச் சொல்லவா?"

"சட்டை வேணாம் சார். கிராங்க் கம்பி வேணும். வராந்தாவுல இருக்கு."

அவரே ஓடிப்போய் எடுத்து வந்தார். குங்குமத்தோடு என் கையில் கொடுத்தார். விரலோடு விரல் பட்டது. அவசரத்தில் மதிலை மறந்துவிட்டார். வேலைக்காரரைக் கூப்பிட்டு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். பூசணிக்காயும் உடைத்தார்கள். சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்தேன்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. குரோட்டன்ஸ் தொட்டிகள் பின்னால் போயின. வராந்தா பின்னால் போயிற்று. இரண்டு வருஷம் நான் வெளியிலிருந்து மட்டும் பார்த்த கேட்டை வேலைக்காரர் விரியத் திறந்து வைத்திருந்தார். பானெட் இல்லாத, ஹாரன் இல்லாத, ஹேண்ட் பிரேக் மட்டும் பிடிக்கிற கார். அதில் உட்கார்ந்து முன்கேட் வழியாக வெளியே போனபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இதுவரை வேறெதிலும் அனுபவித்ததில்லை. சத்தம் போட்டே சிரித்தேன்.

ஸ்டேஷனுக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். நான் வலதுபக்கம் திரும்பி அல்சூர் போனேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஜட்கா பிடித்து வந்து சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். வண்டி மறுபடி என் தெருவிலேயே நின்றது. ஷெட் போயிற்று, மழை வந்தால் தார்ப்பாய்தான். அடுத்த பல்லக்குக்கு அதை நானே ஓட்டி நகர்த்தினேன். எதிர்வீட்டுக்காரர் கும்பிடு போட்டார், சாமிக்கா எனக்கா என்று தெரியவில்லை.

பல்லக்கு முடிந்த சில நாளில் பேங்க் ஆபீசர் எங்கள் தெருவுக்கு வந்தார். கையில் ஒரு பை. வராந்தாவிலேயே தங்கிவிட்ட என் ஸ்பானர்கள் அதில் இருந்தன, குங்குமம் உதிராமல். நாற்காலி போட்டேன். காபி கொடுத்தேன். குடித்தாரா என்றால், உதட்டருகே கொண்டுபோனார்.

"ஜட்ஜ் சார் உங்களைத் திரும்பி வரச் சொன்னார்" என்றார். "அந்தத் தடுப்பு காலியாவே இருக்கு. இனிமே முன்கேட் வழியாவே வரலாமாம்."

"வண்டியிலயா, நடந்தா?"

அவருக்குப் புரியவில்லை.

"வண்டியில உட்கார்ந்து வந்தா சரி. ஒரு நாள் வண்டி இல்லாம, சும்மா நடந்து வந்தா? அப்பவும் முன்கேட்தானா?"

காபியைக் கீழே வைத்தார். தெருவைப் பார்த்தார். அங்கே நின்ற என் வண்டியைப் பார்த்தார். கர்ச்சீப்பால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அதைக் கேட்கலியே சார்" என்றார். "கேட்டுட்டு வந்து சொல்றேன்."

கேட்டிருப்பார். வந்து சொல்லவில்லை.