கடற்கரை வீட்டுக்கு ரோஜா தர மறுத்த அக்கா

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவின் இளமைக் காலத்தைப் பற்றி இந்த நினைவு மலரில் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று தம்பிகள் இருவரும் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பின்னாளில் அவரை அறிந்தவர்கள் பலருக்கும் அந்தக் காலம் தெரியாது. அக்காவும் தானாகப் பேசமாட்டார்.

சுதந்திரம் வந்த மறு வருடம் மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குத் தெற்கே ஓர் ஒட்டுக்குடித்தன வீட்டில் அக்கா பிறந்தார். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். அடுத்து நான், எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். அப்பா கிண்டியில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்த்தார். அக்கா எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தட்டச்சு கற்கச் சேர்ந்த சில மாதங்களில் இயந்திரத்தில் அப்பாவின் வலது கை சிக்கிக்கொண்டது. மூன்று விரல்கள் போயின. தட்டச்சு அத்தோடு நின்றது.

அப்போது அடையாறு பாலத்தைத் தாண்டி, கடற்கரைக்குப் போகும் சாலையில் ஒரு தோட்டக் கடை இருந்தது. பின்னால் கீரைப் பாத்திகளும் நாற்றங்காலும். சாலையோரத்தில் கீற்றுப் பந்தல் போட்டு, கீரை, கத்திரிக்காய், நாற்றுகள், தகர டின்களில் வைத்த பூச்செடிகள் என்று விற்பார்கள். குத்தகைக்கு எடுத்து நடத்தியவரை எல்லோரும் பாய் என்றே அழைப்பார்கள். ஆடி பிறந்தால் வேலைக்கு ஆள் எடுப்பார். தை முடிந்து கிணறு வற்றத் தொடங்கினால் வேலையும் முடியும். அறுபத்தெட்டாம் ஆண்டு ஆடியில் அக்கா அங்கே சேர்ந்தார். மாசி முதல் ஆனி வரை தி.நகர் துணிக்கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்துக் கொடுப்பார்.

எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண் சாணி பிசையப் போகிறாளே என்று உறவில் சிலர் பேசினார்கள். அக்கா போவதை நிறுத்தவில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பி நடந்தே போவார். எருவும் மணலும் கலப்பது, விதை தெளிப்பது, பூவாளியால் தண்ணீர் தெளிப்பது, நாற்றை வேர் அறாமல் பெயர்த்து வாழைப் பட்டையில் சுற்றிக் கொடுப்பது என்று எல்லா வேலையும் இரண்டே பருவங்களில் அவர் கைக்கு வந்துவிட்டது. மூன்றாம் வருடம் பாய் நாற்றங்கால் முழுவதையும் அக்காவிடம் ஒப்படைத்தார். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே என்ன நோய் என்று அக்கா சொல்லிவிடுவார் என்பார்கள். நானும் ஒரு முறை போயிருந்தபோது பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பெசன்ட் நகரில் வரிசையாக வீடுகள் எழும்பின. குடிவந்தவர்கள் எல்லோருக்கும் வாசலில் செடி வைக்க ஆசை. பாய் மலைப்பக்கத்திலிருந்து லாரியில் ரோஜாச் செடிகளை வரவழைத்தார். ஆடி மாதம் முழுவதும் நல்ல விற்பனை. ஆவணியில் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இலை ஓரம் கருகுகிறது, மொட்டு உதிர்கிறது, ஏமாற்றிவிட்டீர்கள் என்றார்கள்.

அக்கா ஒரு நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு அந்த வீடுகளுக்கே நேரில் போனார். ஒவ்வொரு வீட்டிலும் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்தார். எல்லாம் உப்பு. கடற்காற்று வாரி இறைத்த மணல் செடிகளின் தலையில் படிந்திருந்தது. திரும்பி வந்து, கடலை ஒட்டிய வீடுகளுக்கு இனி ரோஜா விற்க வேண்டாம் என்று பாயிடம் சொன்னார். லாரிச் சரக்கில் பாதி இன்னும் பந்தலிலேயே நின்றது. வாங்கிப் போவது அவர்கள் விருப்பம், நாம் எதற்குத் தடுக்க வேண்டும் என்றார் பாய்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாமி வந்தார். மயிலாப்பூரிலிருந்து புது வீட்டுக்குக் குடிபோனவர்.

"போன தடவை வாங்கிண்டு போன ரெண்டும் கருகிடுத்தும்மா. இந்தத் தடவை நல்லதாப் பார்த்துக் குடு" என்றார்.

"செடி நல்ல செடிதான் மாமி. உங்க கெணத்துத் தண்ணி உப்பு, காத்தும் உப்பு. எத்தினி வாங்கினு போனாலும் நிக்காது. ரோஜா வேணாம்" என்றார் அக்கா.

செடி வாங்க வந்து பந்தலில் நின்ற வேறு மூவரும் அதைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்கள். பாய் மீதிச் செடிகளை எண்ணிப் பார்த்தார். சாயங்காலம் அக்கா கை கழுவும்போது, "இவ்ளோ செடியயும் நான் இன்னாமா பண்றது? நாளைலர்ந்து நீ வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. புதுப் பாவாடை கிடைக்காத கோபத்தில் நான் அக்காவோடு இரண்டு நாள் பேசவில்லை. அதை இங்கே எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று அம்மாவும் கேட்டார். "அந்த மாமி தெனம் தண்ணி ஊத்தி ஊத்திப் பாப்பாங்கம்மா. அது சாவும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே எப்பிடிக் குடுக்கறது?" என்றார் அக்கா. 

வேலை இல்லாத அந்த நாட்களில் அக்கா சும்மா இருக்கவில்லை. ஊரூர் குப்பத்துக்குப் போனார். அங்கே மீன் விற்கும் அம்மாள் ஒருவரின் குடிசைக்குப் பின்னால், அலை ஓசை கேட்கும் தூரத்தில், அரளியும் நித்தியகல்யாணியும் பூத்து நின்றன. பூவரசு வேலியும் இருந்தது. எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டதற்கு, வேர் பிடிக்கும் வரை கடல் பக்கம் தென்னங்கீற்று மறைப்பு கட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றாராம் அந்த அம்மாள். கேட்டதும் கிளைகளை வெட்டிக் கொடுத்தார். விதையும் கொடுத்தார். அக்கா அவற்றை எங்கள் வீட்டுக் கொல்லையில், ஒட்டுக்குடித்தனக்காரர்களின் முணுமுணுப்புக்கு நடுவே, பழைய டின்களில் வைத்து வேர்விட வைத்தார்.

முதல் டின்களை மாமி வீட்டுக்குத்தான் எடுத்துப் போனார். தானே குழி வெட்டி, எரு போட்டு நட்டு, கீற்று மறைப்பும் கட்டிவிட்டு வந்தார். ஐப்பசி மழை உப்பைக் கொஞ்சம் அடித்துப் போனது. கார்த்திகையில் மாமி வீட்டு வாசலில் நித்தியகல்யாணி பூத்தது. அக்கம்பக்கத்து வீட்டார் வந்து பார்த்தார்கள். எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களிடம் மாமி, அடையாறு தோட்டக் கடையில் இருந்த அந்தப் பெண்ணைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் கடைக்குப் போய், அந்தப் பெண் எங்கே என்று பாயைக் கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா எழுந்து நாற்காலியைக் காட்டினார். பாய் உட்காரவில்லை.

"ஒங்க பொண்ண நான் அனுப்பிட்டேன். தப்பு என்னுதுதான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அக்காவைப் பார்த்தார். "வர்றவங்க செடிய கேக்கல, ஒன்னத்தான் கேக்கறாங்க. நீ வரணும்மா."

அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எந்த வீட்டுக்கு எந்தச் செடி ஆகாது என்பதை வாங்க வருபவரிடம் சொல்வேன், அதற்குச் சம்மதமா என்று கேட்டார். ஏற்கெனவே ரோஜா வாங்கி ஏமாந்தவர்களுக்கு ஆளுக்கு ஓர் அரளி சும்மா கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அம்மா பயந்து அக்காவின் முந்தானையை இழுத்தது எனக்கு நினைவிருக்கிறது. பாய் சிரித்துவிட்டார். "கடைல இனிமே ஒன் பேச்சுதாம்மா" என்றார்.

அப்படியேதான் நடந்தது. அடுத்த ஆடியிலிருந்து கடலோர வீடுகளுக்கென்று தனிப் பாத்தி போட்டார்கள். குப்பத்து அம்மாளிடமிருந்து கிளைகளைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும் என்பதிலும் அக்கா பிடிவாதமாக இருந்தார். எழுபத்தெட்டில் நிலத்துக்காரர் மனையை விற்கும் வரை, பத்துப் பருவங்கள் அக்கா அங்கே உழைத்தார். அந்த உழைப்பில்தான் நான் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். தம்பிகள் இருவரும் படித்து வேலைக்குப் போனார்கள்.

தன் திருமணத்தை அக்கா எங்களுக்கெல்லாம் ஒரு வழி பிறந்த பிறகே வைத்துக்கொண்டார். மாமா பேருந்து நடத்துநர். நாற்றுக் கூடையோடு ஏறிய அக்காவை இறங்கச் சொல்லி வாக்குவாதம் செய்து, தோற்று, மறுவாரம் பெரியவர்களோடு பெண் கேட்டு வந்தவர். அவரும் அக்காவும் முப்பத்தைந்து ஆண்டுகள் நிறைவாக வாழ்ந்தார்கள். ஒரே மகளை நன்றாகப் படிக்க வைத்தார்கள்.

கடைசி ஆறு மாதங்கள் நெஞ்சுச் சளியால் அக்கா மிகவும் துன்பப்பட்டார். வலியை யாரிடமும் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த நாட்களில் துணை நின்றவர்களை நாங்கள் மறக்கமாட்டோம். லிஃப்ட் இல்லாத மாடியிலிருந்து அக்காவை நாற்காலியோடு தூக்கி இறக்கிய கீழ்வீட்டுக் குடும்பத்தார், அக்கா மறைந்தபின் மூன்று நாளும் எங்கள் எல்லோருக்கும் சமைத்து அனுப்பிய பாயின் மகள், செய்தி கேட்டதும் குப்பத்திலிருந்து திரண்டு வந்த அந்த மீன்கார அம்மாளின் உறவுகள், மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், இந்த மலருக்குப் படங்கள் தேடிக் கொடுத்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மருத்துவமனையில் சேர்த்த அன்று ஒரு படிவம் தந்தார்கள். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. முப்பது ஆண்டுகள் தலைமையாசிரியை என்று கையெழுத்திட்ட கை இது. அந்தக் கட்டத்தில் 'தங்கை' என்று எழுதியபோது இருந்த பெருமை அந்தக் கையெழுத்துகள் எதிலும் எனக்கு இருந்ததில்லை.