சிவப்பு அலரி

பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு தொடங்கும் நாளில் நான் ஒரு துணிப்பையோடு போவேன். பைக்குள் ஒரு வெள்ளைப் பந்து, ஒரு சிவப்புப் பந்து. பார்க்காமல் ஒன்றை எடுத்தால் அது வெள்ளையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? "அரைவாசி, ரீச்சர்" என்பார்கள் பிள்ளைகள். எங்கள் வீட்டில் அது அரைவாசி இல்லை.

அண்ணா மீன்பிடிக்கப் போன படகு துறைமுகத்துக்குத் திரும்பவே இல்லை. ஒரு எண்ணெய்க் கலன்கூடக் கரையொதுங்கவில்லை. தேடி அலைந்து களைத்த பிறகு, அம்மா கோயிலில் பூக்கட்டிப் பார்க்கத் தொடங்கினார். ஒரே அளவில் ஒரு வெள்ளை அலரி, ஒரு சிவப்பு அலரி; தனித்தனியே கடதாசியில் மடித்து அம்மன் முன்னால் போடுவார். வெள்ளை வந்தால் அண்ணா உயிரோடு இருக்கிறார். சிவப்பு வந்தால் இல்லை. அண்ணியின் கைதான் எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம்.

வெள்ளை வந்தால் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு எழும்புவார். சிவப்பு வந்தால், "மனம் ஒருநிலையில இல்லைப் பிள்ளை, திரும்பக் கட்டுவம்" என்பார். வெள்ளை வரும்வரை கட்டுவார். அண்ணி திரும்ப எடுப்பார். இப்படியே வெள்ளிக்கிழமைகள் போயின. யாரும் உடுக்காத அண்ணாவின் சாரத்தை அம்மா தோய்த்துத் தோய்த்தே நிறம் போக்கிவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை சிவப்புக்கு மேல் சிவப்பாக வந்தது. அம்மா மறுபடியும் கடதாசியை மடிக்க, என் பொறுமை போய்விட்டது.

"சிவப்பைக் கணக்கில எடுக்காட்டி வேற என்னம்மா வரும்? இப்பிடிக் கட்டிக்கொண்டிருந்தா வெள்ளை வாறது நிச்சயம்தானே."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த முகம் தெளிந்திருந்தது.

"நிச்சயம் எண்டு உன்ர கணக்கும் சொல்லுதல்லோ" என்றார்.

நான் படித்த படிப்பு நாசமாய்ப் போக. அடுத்ததாக வெள்ளை வந்தது.

திரும்பும்போது அம்மா கடற்கரை வீதியில் எங்களுக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். அண்ணி என் கையைப் பிடித்தார்.

"ஒவ்வொருக்காலும் சிவப்பு வரவேணும் எண்டு நேந்துகொண்டுதான் எடுக்கிறனான். மாமி ஒருக்கா அதை ஏற்றுக்கொண்டா நான் இருந்து அழுதிடுவன். இப்ப அழவும் ஏலாது."

அம்மா சிவப்பை ஏற்றுக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு என்று எனக்குத் தெரியும். பூச்சியம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கொடியிலிருந்து சாரத்தை எடுத்து நீட்டினார். அண்ணி வாங்கி மடித்தார்.